அட்டையில் 'இருளர்' என்று எழுதியபோது

மேல்மலையனூர் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், கோடை விடுமுறையில் பாடம் நடத்துவதில்லை. பிள்ளைகள் வருவார்கள், புத்தகம் படிப்பார்கள், கேரம் ஆடுவார்கள். இந்த முறை பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். ஒரு பையனின் அண்ணன் சென்னையில் கல்லூரியில் படிக்கிறார். அவர்தான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, கதைக்குள் நடந்து போகிற விளையாட்டு அது. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேஷம் கட்டுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடனே பிடித்துக்கொண்டார்கள்.

கதைக்களம் செஞ்சிக் கோட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொரு 'இன'த்துக்கும் ஒரு அட்டை எழுதினார்கள். கோட்டையர், வில்லர், சுனையர் என்று வரிசையாகப் போயிற்று. ஓர் அட்டையில் இப்படி இருந்தது: 'இருளர். இருட்டில் கண் தெரியும். பாம்பு விஷம் ஏறாது. அறிவு: 2 குறைவு. குணம்: திருட்டு. விளையாடுபவர் எடுக்க முடியாது. எதிரி மட்டும்.'

வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவள். "இத நான் எடுக்க முடியாதாண்ணா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருந்த பையன் தலை நிமிராமல், "அது எதிரிம்மா, எடுக்க முடியாது" என்றான். அவள் அட்டையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

தோழர்களே, அந்தப் பையன் ஊர்த்தெருவிலிருந்து வருகிறவன் அல்ல. நம் தெருப் பையன். அவன் அப்பா பறை அடிப்பவர். பஸ்ஸில் ஒருவன் சாதிப் பெயரை வசையாகச் சொன்னதற்காகச் சட்டை கிழியச் சண்டை போட்டவன் அவன். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பெயரோடு வந்த சுமை

அவனைத் திட்டவில்லை. உட்கார வைத்துக் கேட்டோம். "நான் சாதிய நெனச்சே எழுதலண்ணா. இங்கிலீஷ்ல டார்க் எல்ஃப்னு இருக்கு. இருட்டுல இருக்கறவங்க, அதனால இருளர்னு போட்டேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறோம். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆங்கில விளையாட்டில் பூமிக்கடியில் வாழும் அந்தக் கற்பனை இனத்துக்குப் பாம்பு விஷம் ஏறாது என்று இல்லை. அறிவு குறைவு என்றும் இல்லை. அவையெல்லாம் இந்த அட்டைக்குள் எப்படி வந்தன?

பெயர் கூட்டிக்கொண்டு வந்தது. 'இருளர்' என்று எழுதியவுடன் இந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லின் மேல் ஏற்றிவைத்திருக்கும் மொத்தச் சுமையும் பேனாவுக்குள் இறங்கிவிட்டது. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீண்டவர்கள், பாம்பு பிடிப்பதில் உலகமே பாடம் கேட்கும் அறிவு உள்ளவர்கள், எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் முதலில் தேடி வரும் குடிசைக்காரர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருளர்கள் மீது போடப்படும் பொய்த் திருட்டு வழக்குகளுக்கு எதிராகத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக எத்தனையோ வருடங்கள் போராடி வந்திருக்கிறார்கள். அந்த வழக்குக் கட்டுகளில் போலீஸ் எழுதியதைத்தான் நம் பையன் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறான். அவன் நினைத்து எழுதியிருந்தால் ஒரு அதட்டலில் முடிந்துபோகும். நினைக்காமல் எழுதியதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்ணின் குடும்பம் இரண்டு வருடமாகப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அலைகிறது. 'நீங்கள் இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டு மனுவைத் திருப்புகிறார்கள். படிப்புக்கும் உதவித்தொகைக்கும் வேண்டிய இடத்தில் அந்தப் பெயரை எழுதித்தர அரசாங்கத்துக்குக் கை வரவில்லை. அரக்கனுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றதும் நம் கை தயங்கவே இல்லை.

நமக்கு நடந்ததும் இதுதான்

இது மேல்மலையனூரில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1987 முதல் நடத்திவரும் 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டு உலகம் இருக்கிறது. உலகம் முழுக்க ரசிகர்கள். அதில் ஒரு வகை மனிதர்கள் வருகிறார்கள். பிறக்கும்போதே ஆன்மா இல்லாதவர்கள். அவர்கள் பக்கத்தில் வந்தாலே மற்றவர்களுக்கு அருவருப்பும் நடுக்கமும் வரும். அவர்கள் ரத்தத்தில் ஓடுவதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'பாரியா ஜீன்'. 2002-ல் வந்த விதிநூலில் 'பாரியா' என்றே ஒரு படைப்பிரிவு உண்டு. அதே உலகை வைத்து எழுதிய நாவல்களிலும், 2008-ல் வந்த 'டார்க் ஹெரசி' என்ற ரோல்-பிளேயிங் விளையாட்டிலும் இவர்களுக்கு இன்னொரு பெயர்: 'அன்டச்சபிள்', அதாவது தீண்டப்படாதவர். அருவருத்துக்கொண்டே அவர்களைப் பிடித்துவைத்து ஆபத்தான வேலையும் வாங்குகிறார்கள். நம் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் நடந்ததை விண்வெளியில் கொண்டுபோய் வைத்தது போல இருக்கிறது.

'பாரியா' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து போனது என்பது உங்களுக்குத் தெரியும். பறையர் என்ற பெயரிலிருந்து. அதற்குள் இருப்பது பறை, ஒரு தோல் கருவி. ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுபோனபோது பறையை இங்கேயே விட்டுவிட்டு ஒதுக்கலை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். தெருநாய்க்கு 'பாரியா டாக்', கரும்பருந்துக்கு 'பாரியா கைட்', மற்ற நாடுகள் ஒதுக்கிவைக்கும் நாட்டுக்கு 'பாரியா ஸ்டேட்' என்று அந்தச் சொல் ஊர் சுற்றியது. சமூகவியல் வகுப்பில் மேக்ஸ் வெபர் யூதர்களைப் 'பாரியா மக்கள்' என்று வகைப்படுத்தியதைப் படித்திருப்பீர்கள். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அதே வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எத்தனை ஆசிரியர்கள் சொன்னார்கள்?

வார்ஹாமரை எழுதியவர்கள் நம்மை இழிவுபடுத்தத் திட்டம் போட்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நாம் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதியிருக்கலாம். நம் பையனும் அப்படித்தான் எழுதினான்.

தமிழ் சினிமாவும் இந்த வேலையைச் செய்திருக்கிறது. 2015-ல் வந்த 'பாகுபலி' முழுக்கக் கற்பனை ராஜ்ஜியம். அங்கே எதிரி இனம் காலகேயர். புராணத்தில் அசுரர்களுக்கு இருக்கும் பெயர். உடம்பெல்லாம் கரி பூசி, நாக்கைச் சொடுக்கிப் பேசும் 'கிளிக்கி' என்று ஒரு மொழியும் செய்துகொடுத்தார்கள். அரண்மனைக்காரர்களுக்குச் செந்தமிழ், காட்டுக்காரர்களுக்குச் சத்தம். அதே படத்தின் தமிழ் வசனத்தில் 'பகடை' என்ற சொல் வசையாக வந்து எதிர்ப்பு கிளம்பியது. பகடை என்றால் சூதாட்டக் காய். தென் மாவட்டங்களில் அது அருந்ததியர் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் பெயரும்கூட. ஒண்டிவீரனின் பெயரோடு இருப்பது அதுதான். வசனம் எழுதிய மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார். கற்பனை நாட்டில் நடக்கிற கதைதான். ஆனால் அந்த வசவு விழுந்த இடம் மதுரையும் திருநெல்வேலியும்.

'இனம்' என்ற கட்டம்

பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. அந்த அட்டையை மறுபடியும் பாருங்கள். மேலே பெயர், கீழே 'அறிவு: 2 குறைவு'. இரண்டாவது வரிதான் சாதி.

1974-ல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்ததிலிருந்து இந்த வழக்கம் உண்டு. எந்த இனத்தில் பிறந்தாய் என்பதை வைத்து உன் பலமும் பலவீனமும் முடிவாகிவிடும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 'ஹாஃப்-ஆர்க்' என்ற கலப்பினத்தில் பிறந்தால் உடல் பலத்துக்கு 2 கூடும். அறிவில் 2, வசீகரத்தில் 2 குறையும். உடம்பு உழைக்க, மூளை இன்னொருவருக்கு. இந்தக் கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வர்ணம் என்ற பெயரில் மனு எழுதிவைத்த பாத்திர அட்டைதான் அது. இந்த ஆர்க்குகளைப் பிரபலப்படுத்திய டோல்கீனே, அவர்கள் தோற்றத்தை ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றவர்களாகப் படும் மங்கோலியச் சாயலோடு ஒப்பிட்டு 1958-ல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நம் ஊர் ராட்சசர்களும் 1977-லேயே அந்த விளையாட்டின் அரக்கர் பட்டியலில் ஏறிவிட்டார்கள், புலித்தலையோடு.

விளையாடுகிறவர்களே கேள்வி கேட்டார்கள். கறுப்பின ரசிகர்கள் கேட்டார்கள். 2020-ல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு அமெரிக்கா கொந்தளித்த நேரத்தில், ஆர்க்குகளையும் டிரோக்களையும் பிறவிக் கெட்டவர்களாகக் காட்டியது தவறு என்று அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிட்டு 'ஸ்பீசிஸ்' என்று மாற்றப்போவதாக அறிவித்தது. 2024-ல் வந்த புதிய விதிநூலில் பிறப்பை வைத்துப் புள்ளிகள் கூட்டுவது போய், அந்தப் பாத்திரம் வளர்ந்த பின்னணியை வைத்துக் கூட்டுவது வந்துவிட்டது. கேட்டால் மாறும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் 'ஸ்பீசிஸ்' என்ற மாற்றத்தை நாங்கள் அப்படியே கைதட்டி வரவேற்க மாட்டோம். தமிழில் நின்று பார்த்தால் அதன் கோளாறு தெரியும். ரேஸ் என்பதற்கு நம் பிள்ளைகள் 'இனம்' என்று எழுதினார்கள். அரசாங்க விண்ணப்பத்தில் நம் சாதியைக் கேட்கும் கட்டத்திலும் 'இனம்' என்றுதான் போட்டிருக்கிறது. சரி, ஸ்பீசிஸ் என்பதற்கு என்ன சொல்வது? நம் பாட்டிகள் பாம்பையும் பறவையையும் வகைப்படுத்தும்போது சொல்கிற சொல் என்ன? 'அது என்ன சாதிப் பாம்பு?' என்றுதான் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு சுற்று சுற்றி முன்னேறிய சொல் தமிழில் நேராகச் சாதியில் வந்து விழுகிறது. மனிதனும் மனிதனும் பாம்பும் கீரியும் போல வேறு வேறு பிறவி என்பதுதான் சாதியின் முதல் பொய். சாதி என்பது ரத்தத்தால் பிரிந்த இனப் பிரிவு அல்ல என்று அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் வாதாடினார். அந்தப் பொய்யை விளையாட்டில்கூட நாம் உயிரோடு வைத்திருக்க வேண்டுமா?

யார் வைத்த பெயர்?

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்டார்: 'அப்படியானால் ஒடுக்கப்பட்டவர் பெயர் எதுவுமே விளையாட்டில் வரக்கூடாதா? அதுவும் ஒரு ஒதுக்கல்தானே?' நியாயமான கேள்வி. நம் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு.

இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. வசையாக வீசப்பட்ட பெயரை எடுத்துத் தலைப்பில் அச்சடித்தார். எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். சென்னை சட்டமன்றத்தில் அவர் எடுத்த முயற்சியால் 1922-ல் அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' போன்ற பெயர்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' வந்தது. அயோத்திதாசப் பண்டிதரோ நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். ஒருவர் பெயரைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் மாற்றினார், ஒருவர் அதற்கும் பின்னால் போய்த் தேடினார். மூவருக்கும் பொதுவானது ஒன்றே. எங்களை என்னவென்று அழைப்பது என்பதை நாங்கள் முடிவு செய்வோம் என்றார்கள்.

பெயர் வைக்கும் அதிகாரம் நமக்கு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குச் செஞ்சிக் கோட்டையே சாட்சி. ராஜாவுக்கு ராஜகிரி. கடவுளுக்குக் கிருஷ்ணகிரி. நிலாவுக்குச் சந்திரகிரி. நான்காவதாக ஒரு சின்னக் குன்று உண்டு. வரலாற்று நூல்களில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஊரே கொண்டாடியது. மூன்று மலைகளின் கதையைச் சொன்னவர்கள் பலர். நான்காவது குன்றில் இருந்தவர்கள் யார், அந்தக் கோட்டைக்கு அவர்கள் என்ன செய்துகொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நம் பிள்ளைகளின் வரைபடத்திலும் மூன்று மலைதான் இருந்தது.

ஜார்க்கண்டில் அசுர் என்றே ஒரு பழங்குடி இருக்கிறது. இரும்பு உருக்கிய மக்கள். மகிஷாசுரனைத் தங்கள் முன்னோன் என்று நினைத்து, துர்கா பூஜை நாட்களில் துக்கம் காக்கிறவர்கள் அவர்களில் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாசி மாதம் மயானக்கொள்ளைக்கு மேல்மலையனூர் வந்து பாருங்கள். சுடுகாட்டில், சாம்பலில், மண்டையோட்டுக் கதையோடு நிற்கிற அங்காளம்மனை வெளியூர் விளையாட்டுக்காரர் ஒருவர் பார்த்தால் 'தீய தெய்வம்' பட்டியலில்தான் எழுதுவார். அவளிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரைக் கேட்டால்தான் அவள் யார் என்று தெரியும். ஆகவே கேட்க வேண்டும்.

'வெறும் விளையாட்டுதானே?'

இதையும் எங்களிடம் கேட்டார்கள். விளையாட்டு என்பதால்தான் பேசுகிறோம். பாடப்புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிடுவார்கள். விளையாட்டில் இருப்பதை நடித்துப் பழகுவார்கள். எதிரி என்று எழுதிய அட்டையை அடித்துச் சாய்த்தால் புள்ளி கூடும். அந்த அட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் பெயர் இருக்கக்கூடாது.

கதையோ விளையாட்டோ படமோ, எழுதப்போகிற தோழர்களுக்கு நாங்கள் சொல்வது நான்கு கேள்விகள்.

முதலாவது, இந்தப் பெயரில் உயிரோடு யாராவது இருக்கிறார்களா? காட்டுநாயக்கர், முதுவர், இருளர், புதிரை வண்ணார் எல்லாம் கற்பனைக்கதைப் பெயர் மாதிரியே காதில் விழும். எல்லாம் நம் மாநிலத்தில் வாழும் மனிதர்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, அந்தப் பெயரை யார் வைத்தார்கள்? அவர்களே சொல்லிக்கொள்கிற பெயரா, அடுத்தவர் கூப்பிட்ட பெயரா?

மூன்றாவது, பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள்? பிறப்பை வைத்து அறிவையும் ஒழுக்கத்தையும் கூட்டிக் குறைத்திருந்தால், அழகான புதுப்பெயர் வைத்தாலும் அது பழைய சரக்குதான்.

நான்காவது, அந்தப் பக்கத்தில் நின்று யாராவது விளையாட முடியுமா? எதிரியாக மட்டுமே இருக்க முடிகிற ஓர் இனத்தை உருவாக்கினால், ஏன் உருவாக்கினோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த நான்கும் ஆதிக்க சாதிக்காரர்களுக்கான பாடம் என்று நாம் நழுவ முடியாது. சாதி என்பது படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். ஒவ்வொருவரும் மேலே பார்த்து வெம்புவோம், கீழே பார்த்தால் நமக்கும் ஒரு படி இருப்பதில் மெல்லிய ஆறுதல் அடைவோம். பாரியா என்ற சொல்லுக்கு நாம் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். இருளர் அட்டை நம் கையால் எழுதப்பட்டது என்பதையும் அதே கொதிப்போடு சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறோம். பையன் முதலில் முரண்டு பிடித்தான். "அப்ப எதிரியே இல்லாம எப்படிண்ணா வெளையாடறது?" என்றான். எதிரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, பிறவி எதிரி வேண்டாம் என்றோம். ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். கடைசியில் அட்டைகளிலிருந்து அறிவு, குணம் இரண்டு வரிகளையும் அடித்துவிட்டார்கள். அவற்றை ஆடுகிறவர் தன் பாத்திரம் வளர்ந்த கதையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். எதிரியாக வட்டிக்கு விடுகிற ஒரு கோட்டைத் தலைவன் வந்தான். அவன் எந்த இனத்திலும் இருக்கலாம். வரைபடத்தில் நான்காவது குன்றையும் வரைந்தார்கள். அதற்குப் பெயர் இன்னும் எழுதவில்லை. அருந்ததியர் தெருப் பிள்ளைகள் வந்தபிறகு அவர்களைக் கேட்டு எழுதலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

பழைய அட்டையைப் பையன் தானே கிழித்துப்போட்டு, இருட்டில் கண் தெரிகிறவர்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டான். அவள் இரண்டு நாள் யோசித்து 'மின்மினியர்' என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது அந்த அட்டைக்குத்தான் அடிதடி.

அவள் குடும்பத்துக்குச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை மனுநீதி நாளுக்கு மறுபடியும் போகிறோம். அந்தப் பையனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

ஜெய்பீம்.